ஒயரா, ஆயிலா?

பிள்ளைக்கு சைக்கிள் வாங்கக் கடைக்குப் போகும் அப்பா, அம்மாக்களே... இந்த வாரம் உங்களோடுதான் பேச்சு!

பையன் எதைக் கைகாட்டுவான் என்று எனக்குத் தெரியும். தடித்த டயர், முன்னால் ஷாக், 21 கியர், இரண்டு சக்கரத்திலும் ஓட்டை ஓட்டையாக ஒரு வட்டத் தகடு. கடைக்காரர் அந்தத் தகட்டைத் தட்டிக் காட்டி, 'டிஸ்க் பிரேக் சார், பிடிச்சா நின்ன இடத்துல நிக்கும்' என்பார். நீங்களும் உடனே பர்ஸை எடுப்பீர்கள்.

ஒரு நிமிஷம் பொறுங்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு எடுங்கள். 'இது ஒயரா, ஆயிலா?'

இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றாததற்குக் காரணம், நீங்கள் ஓட்டும் மோட்டார் சைக்கிள். 1969-ல் ஹோண்டா தன் சிபி 750 வண்டியின் முன் சக்கரத்தில் ஆயில் டிஸ்க் மாட்டி விற்றது. இன்று நம் தெருவில் ஓடும் மோட்டார் சைக்கிளில் டிஸ்க் என்றால் ஆயில் பிரேக் என்றுதான் அர்த்தம். அந்த நம்பிக்கையை அப்படியே இரவல் வாங்கி, சைக்கிளில் ஒட்டி விற்கிறார்கள். விலை குறைந்த கியர் சைக்கிளில் இருக்கும் டிஸ்க், பெரும்பாலும் ஒயர் டிஸ்க். கேட்லாக்கில் பொடி எழுத்தில் 'மெக்கானிக்கல்' என்று போட்டிருப்பார்கள். அந்த வார்த்தையும் ஏதோ கூடுதல் விசேஷம் மாதிரி வேறு காதில் விழுகிறது!

என்ன வித்தியாசம்? ஒயர் டிஸ்க்கில் நீங்கள் லீவரைப் பிடித்தால் ஒயர் இழுபடும். மலிவு ரகத்தில், ஒரு பக்கத்து பேட் மட்டும்தான் நகரும். அது தகட்டை வளைத்துக்கொண்டு போய் அசையாமல் இருக்கும் எதிர் பேடில் அழுத்தும். ஒயர் ஓடும் குழாயில் மண்ணும் துருவும் சேரச் சேர, உங்கள் கை பலத்தில் பாதி அங்கேயே செலவாகிவிடும். பேட் தேய்ந்தால் லீவர் ஹேண்டில்பார் வரை வந்து முட்டும். நீங்களேதான் திருகித் திருகி சரிசெய்ய வேண்டும்.

ஆயில் டிஸ்க்கில் வேலை செய்வது பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதி. ஆயிலை அமுக்கிச் சுருக்க முடியாது. ஒரு முனையில் கொடுத்த அழுத்தம் மறுமுனைக்கு அப்படியே போகும். இரண்டு பக்கத்து பேடும் ஒரே நேரத்தில் தகட்டைக் கவ்வும். பேட் தேயத் தேயத் தானாகவே நெருங்கி வரும். பிரேக் பிடிக்க ஒரு விரல் போதும்.

'ஊருக்குள்ள ஓட்டப்போற பையனுக்கு இவ்வளவு எதுக்கு?' என்கிறீர்களா? நியாயம். ஊருக்குள் மட்டும்தான் என்றால் டிஸ்க்கே வேண்டாம். ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் போதும். கட்டை மலிவு, தெருமுனைக் கடையிலேயே மாற்றலாம். மழையில் முதல் சில சுற்று வழுக்கும், அது உண்மை. மழை நாளில் மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.

ஆனால் பெயரே மலை சைக்கிள். என்றைக்காவது ஒருநாள் பையன் நண்பர்களோடு மலைக்குப் போவான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. வால்பாறைக்கு 40. கல்லட்டியில் 36. ஏறும்போது மூச்சுதான் வாங்கும், ஆபத்து இறங்கும்போது.

காமர்ஸ் படித்த எனக்கே இந்தக் கணக்கு வருகிறது. ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ, 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் சக்தி, இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்து இறங்கினால், மீதியெல்லாம் பிரேக் தலையில்தான். பதினைந்து வயதுக் கை ஒயரை முழு மூச்சாக இழுத்துக்கொண்டே இறங்குகிறது. முப்பதாவது வளைவில் விரல் மரத்துப்போகும். எதிரே பஸ் வரும்.

'ஒயர் அறுந்தா எந்த ஊர்லயும் மாத்திடலாம். ஆயில் லீக்கானா?' என்று ஒரு கட்சி உண்டு. மணாலியிலிருந்து லே வரை மிதிக்கிறவர் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் நகரும் நல்ல ஒயர் டிஸ்க் மாட்டியிருப்பார். தினமும் காலையில் திருகிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஆறு மாதம் தூசி பிடிக்கும் சைக்கிளுக்கு அந்த வாதம் செல்லாது. நீங்கள் எப்போது கடைசியாக பிரேக் ஒயரைப் பார்த்தீர்கள்?

ஆயிலுக்கும் பத்தியம் உண்டு. ஷிமானோவுக்கு மினரல் ஆயில். வேறு சில பிரேக்குக்கு, காரில் ஊற்றுகிற டாட் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டு, பிரேக்கே போய்விடும். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது லீவரைப் பிடிக்கக் கூடாது. செயின் ஆயில் ஒரு சொட்டுகூடத் தகட்டில் படக் கூடாது. ஏர் எடுக்கத் தெரிந்த கடை பக்கத்தில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

பணத்துக்கு எங்கே போவது? 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. வரிக்கு முன் 15,000 ரூபாய் என்றால் மிச்சம் 1,050 ரூபாய். மலிவு சைக்கிளின் ஷாக், பெரும்பாலும் எடை கூட்டுகிற வெறும் ஸ்பிரிங். அதை வேண்டாம் என்று சொல்லுங்கள்; அந்தக் காசும் பிரேக்குக்கு வரட்டும். அப்படியும் எட்டவில்லையா? வி-பிரேக்கோடு நில்லுங்கள், மலைக்கு விடாதீர்கள். இரண்டுங்கெட்டானாக நடுவில் நிற்கும் மலிவு ஒயர் டிஸ்க்குக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

கம்பெனிக்காரர்களிடம் ஒரு வார்த்தை. பிஸ்கட் பாக்கெட்டில் சர்க்கரை எவ்வளவு என்று அச்சடிக்கிற நாடு இது. சைக்கிளில் 'டிஸ்க்' என்று அரை அடிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்களே, அதற்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், 'ஒயர்' என்று ஒரு வார்த்தை போட்டால் என்ன குறைந்துபோகும்?

விற்பனை குறையும். அவ்வளவுதானே!