டைடோவுக்குக் கொடுத்த 2,000 பவுண்ட்ஸ்



போன கிழமை எங்கட திரையிடலில் 'பெல்' படம் போட்டோம். 2013இல் வந்தது, அமா அசாண்டே இயக்கியது. முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான். கண்ணும் கொஞ்சம் கலங்கியிருந்தது, மறைக்கவில்லை. அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி கேட்டா: "அக்கா, காசு இல்லாட்டி அவவை ஆராவது கலியாணம் கட்டக் கேட்டிருப்பினமோ?"

இந்த முறை தலையங்கம் அந்தக் கேள்விதான்.

டைடோ எலிசபெத் பெல் உண்மையில் வாழ்ந்த பெண். 1761இல் பிறந்தவ. அம்மா மரியா பெல், அடிமையாக்கப்பட்ட ஆபிரிக்கப் பெண். அப்பா ஜோன் லிண்ட்சே, பிரித்தானியக் கடற்படைத் தளபதி. பிள்ளை வளர்ந்தது வட லண்டன் கென்வூட் மாளிகையில், அப்பாவின் மாமன் மான்ஸ்ஃபீல்ட் பிரபுவிடம். இங்கிலாந்தின் தலைமை நீதியரசர் அவர்.

படத்தில் அப்பா செத்ததும் டைடோவுக்கு வருடம் 2,000 பவுண்ட்ஸ் வருமானம் வருகிறது. அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் படியேறுகினம். உண்மையில் அப்படி ஒரு சொத்து அவவுக்கு வரவே இல்லை. கென்வூட்டில் பால்பண்ணையையும் கோழிகளையும் பார்த்தா, மாமனாருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தா. கைச்செலவுக்கு வருடம் சுமார் 30 பவுண்ட்ஸ். கூட வளர்ந்த எலிசபெத்துக்கு அதைவிடச் சுமார் மூன்று மடங்கு. விருந்தாளிகள் வந்தால் மேசையில் இடமில்லை, சாப்பாடு முடிந்த பிறகு வரலாம். இந்த அவமானத்தைப் படம் நேர்மையாகக் காட்டுகிறது. வேலையை மட்டும் காட்டவில்லை.

மாப்பிள்ளையும் அப்படித்தான். படத்து ஜோன் டாவினியே பாதிரியாரின் மகன், சட்டம் படிக்கிற புரட்சிக்காரன். 1793இல் டைடோ கட்டின டாவினியே ஒரு கனவானின் வீட்டுக் காரியஸ்தர். கோழிக்கூடு பார்த்த பெண்ணும் வீட்டுக் காரியஸ்தரும் காதலித்தால் அது காதல்கதை இல்லையோ?

"ஒருக்கா ஒரு கறுப்புப் பெண் பட்டுடுப்புப் போட்டு நிக்கட்டுமே, அதுவும் பொறுக்கேல்லையோ?" என்று ஒரு தோழர் கோபப்பட்டார். நியாயமான கோபம். கானாவிலிருந்து வந்த குடும்பத்தின் மகள் இயக்க, கூகூ எம்பாத்தா-ரோ நாயகியாக நடித்த படம் இது. அதைச் சின்ன விசயம் என்று சொல்ல நான் தயாரில்லை. 2022இல் 'பிரிட்ஜர்ட்டன்' தொடரில் சிமோன் ஆஷ்லியும் சரித்ரா சந்திரனும் வந்தபோது எங்கட வாட்ஸப் குழுக்கள் துள்ளினதும் தெரியும்தானே. நானும் துள்ளினேன். ஆனால் அந்த மாளிகைகள் எந்தக் காசில் எழும்பின என்று அங்கே ஒருத்தரும் கேட்பதில்லை.

'பெல்' கேட்கிறது. அதுதான் அதன் துணிச்சல். 1781இல் சோங் கப்பலில் இருந்து 130க்கு மேற்பட்ட ஆபிரிக்கர்களை உயிரோடு கடலில் தள்ளிவிட்டு, கப்பல்காரர் சரக்கு நட்டம் என்று காப்புறுதிப் பணம் கேட்டார்கள். ஒரு காதல் படத்தின் நடுவில் அந்த வழக்கை வைக்க எத்தனை பேர் துணிவார்கள்? முடிவில்தான் சறுக்கல். மான்ஸ்ஃபீல்டின் வாசிப்பைப் பெரிய வெற்றியாக்கி, அடுத்த காட்சியில் முத்தம் வைக்கிறார்கள். 1783இல் நடந்தது, மறு விசாரணைக்கு அனுமதி கொடுத்தது மட்டும்தான். கொலைக்காக ஒருத்தர்கூடக் கூண்டில் ஏறவில்லை.

எனக்கு ஆறாதது மரியா பெல். படம் தொடங்கும்போதே அவ செத்துப்போனா, பிள்ளையைக் கூட்டிப்போக அப்பா வாறார். ஆனால் 1774இல் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் விடுதலை பெற்ற பெண்ணாக அவ பெயரில் நிலம் இருந்தது, ஆவணம் உண்டு. மகளுக்கு அப்போது 13 வயது. கறுப்புத் தாயைக் கொன்றுவிட்டு வெள்ளை மாளிகைக்குள் மகளைக் கூட்டிப்போவதற்குப் பிரதிநிதித்துவம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கென்வூட்டுக்குள்ளே போக ரிக்கற் தேவையில்லை. அடுத்த மாதம் ஒரு ஞாயிறு ஹாம்ப்ஸ்டெட் ஹீத் வழியாக நடந்து போவம். வாறவை இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ. மரியாவைப் பற்றி எழுத அந்தத் தங்கச்சி ஓம் என்றிருக்கிறா. நான் இன்னும் 2,000 பவுண்ட்ஸுக்கே பதில் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்.