விடைபெறும் உரிமை நோயாளியுடையது

குணப்படுத்த வழியில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்த பிறகும், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் குடும்பத்தால் எளிதில் முடிவெடுக்க முடிவதில்லை. வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதித்தால், ‘பெற்ற பிள்ளைகளே கைவிட்டார்கள்’ என்று ஊர் பேசும். தொடரச் சொன்னால் நோயாளியின் வேதனை நீளும், கடனும் ஏறும். கடைசியில், ‘எங்கள் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்’ என்று கையெழுத்திட்டு, வலிக்கு மருந்துகூட இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோகிற குடும்பங்கள் பல. சட்டம் நேர்வழியைத் திறந்து வைத்திருக்கும்போது இந்த அவலம் தொடரக் கூடாது.

மும்பை கேஇஎம் மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் கொடூரத் தாக்குதலுக்கு ஆளாகி, 2015இல் இறக்கும்வரை மீளவே இல்லை. அவருக்கு உணவு செலுத்துவதை நிறுத்தக் கோரிய மனுவை 2011இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவரைப் பராமரித்த செவிலியர்கள் அவர் வாழ வேண்டும் என்றார்கள். மனுதாரர் விடுதலை கேட்டார். அருணாவின் விருப்பம் என்ன என்பதை மட்டும் எவராலும் அறிய முடியவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது 2018 மார்ச் 9 அன்று வந்த அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு. கண்ணியமாக இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமையே என்றும், மீளமுடியாத நிலையில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றும் அது அறிவித்தது. 2023இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். ஊசி போட்டு உயிரைப் போக்க இதில் இடமில்லை. அது இன்றும் குற்றமே. பயனற்ற சிகிச்சையை விலக்கி, நோயை அதன் போக்கில் விடுவதற்கே அனுமதி.

தென் மாவட்டங்களில் முதியவர்களின் உயிரைப் போக்கும் ‘தலைக்கூத்தல்’ நடந்த மண்ணில் இது முதியவர்களுக்கு எதிராகத் திரும்பாதா, சொத்துக்காகக் கையெழுத்து வாங்க மாட்டார்களா என்ற அச்சம் நியாயமானது. ஆனால், தலைக்கூத்தல் முதியவரைக் கேட்காமல் மற்றவர்கள் மறைவில் எடுத்த முடிவு. இங்கே அவர் தெளிவோடு எழுதிய ஆவணம், இரண்டு மருத்துவக் குழுக்களின் ஒப்புதல், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் என ஒவ்வொரு படியும் வெளிச்சத்தில் நடக்கிறது. முதியவருக்கு இதுவே பாதுகாப்பு.

தீர்ப்பைச் செயல்படுத்தும்படி கர்நாடக அரசு 2025 ஜனவரியில் சுற்றறிக்கை வெளியிட்டது. தமிழகத்திலும் எல்லா மாவட்டங்களிலும் மருத்துவக் குழுக்கள் தயாராக இருப்பதையும், உள்ளாட்சி அலுவலகங்களில் இந்த ஆவணங்களைக் காக்கப் பொறுப்பாளர் இருப்பதையும் அரசு உறுதிசெய்ய வேண்டும். கூடவே வலி தணிப்புச் சிகிச்சையும் பெருக வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வழியாக வீடு தேடிச் செல்லும் அந்தச் சேவை, தேவைப்படும் கடைசி நோயாளிவரை மார்ஃபின் மருந்தோடு சென்றுசேர வேண்டும். வலிக்கும் வறுமைக்கும் அஞ்சி ஒருவர் சிகிச்சையைத் துறந்தால், அது சுதந்திரமான முடிவு ஆகாது.

குடும்பங்களும் மரணத்தைப் பற்றிப் பேசுவதே அபசகுனம் என்ற தயக்கத்தை விட வேண்டும். நிலத்துக்கும் வீட்டுக்கும் உயில் எழுதும் நாம், நம் கடைசி நாட்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் எழுதிவைப்போம். நாம் எழுதாமல் விட்டால், அந்தச் சுமையை நம் பிள்ளைகள்தான் காலமெல்லாம் குற்றவுணர்வோடு சுமப்பார்கள்.