ஒரே நாடு, 50 சட்டம்: அமெரிக்காவில் பார்சலில் போகும் துப்பாக்கி பாகங்கள்!

ஒரு துப்பாக்கியைக் கழற்றி மேஜையில் பரப்பி வைத்தால், அதில் எது 'துப்பாக்கி'?

விளையாட்டுக் கேள்வி மாதிரி இருக்கலாம். ஆனா, அமெரிக்கச் சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. குழல், விசை, பின்கட்டை, தோட்டாக்களை அடுக்கும் மேகஸின்... எதுவுமே துப்பாக்கி இல்லை. இவை எல்லாம் வந்து பொருந்துகிற நடு உடல்தான் துப்பாக்கி. ரைஃபிளில் அதற்குப் பெயர் 'ரிசீவர்', பிஸ்டலில் 'ஃப்ரேம்'. 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்வது இதைத்தான். வரிசை எண் பொறிப்பதும் அதில்தான்.

இதனால் என்ன ஆகுது? டெக்சாஸில் இருக்கும் ஒருவர் ரிசீவரை வேறு மாநிலத்துக்காரருக்கு நேரடியாக விற்க முடியாது. வாங்குபவர் ஊரில் இருக்கும் லைசென்ஸ் பெற்ற டீலருக்கு அனுப்பணும். அங்கே படிவம், பின்னணிச் சோதனை எல்லாம் முடிந்த பிறகுதான் கைமாறும். அதே ஆள் குழலையோ மேகஸினையோ விற்றால், மத்திய சட்டம் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. பார்சல் போட்டால் போதும்.

எல்லை தாண்டினால் குற்றம்

சிக்கலே இதற்குப் பிறகுதான். 10 தோட்டாக்களுக்கு மேல் பிடிக்கும் புது மேகஸின்களை 1994-ல் நாடு முழுக்கத் தடை செய்தார்கள். 2004-ல் அந்தச் சட்டம் காலாவதி ஆனது. அதன் பிறகு ஒவ்வொரு மாநிலமும் தன் வழியில் போனது. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சியில் உச்சவரம்பு 10. கொலராடோவில் 15. இல்லினாயில் நீளத் துப்பாக்கிக்கு 10, கைத்துப்பாக்கிக்கு 15. டெக்சாஸ், நெவாடா, அரிஸோனாவில் வரம்பே கிடையாது.

பாண்டிச்சேரியில் பில் போட்டு வாங்கிய பாட்டில், செக்போஸ்ட் தாண்டியதும் வழக்காகிற கதை நமக்குத் தெரியும்ல... கிட்டத்தட்ட அதேதான். ஆனா, அங்கே மாநில எல்லையில் பையைத் திறந்து பார்க்க ஆள் இல்லை.

அதனால், விற்பவர்தான் செக்போஸ்ட். பார்சல் எங்கே கிளம்புகிறது என்பதைவிட, எந்த முகவரிக்குப் போகிறது என்பதுதான் முக்கியம். பெரிய கடைகள் ஆன்லைனில் முகவரி போட்டதுமே, 'உங்கள் மாநிலத்துக்கு அனுப்ப முடியாது' என்று சொல்லிவிடும். வீட்டில் கிடக்கும் உதிரி பாகத்தை விற்கும் தனிநபரிடம் அப்படி ஒரு மென்பொருள் இல்லை. எந்த மாநிலத்தில் என்ன சட்டம் என்று அவரேதான் தெரிந்து வைத்திருக்கணும்.

அந்தச் சட்டமும் ஒரே இடத்தில் நிற்காது. 2019 மார்ச் 29 அன்று கலிஃபோர்னியாவின் மேகஸின் தடை செல்லாது என்றார் நீதிபதி ரோஜர் பெனிட்டெஸ். ஆர்டர்கள் குவிந்தன. ஏப்ரல் 5 மாலையிலிருந்து அமலாகும்படி அவரே தன் தீர்ப்பை நிறுத்தி வைத்தார். அதே பொருள், அதே முகவரி. அந்த வாரத்துக்கு முன்பு குற்றம், அந்த வாரத்தில் வியாபாரம், பிறகு மறுபடி குற்றம்! துப்பாக்கி ஆர்வலர்கள் அதை 'சுதந்திர வாரம்' என்று அழைத்தார்கள். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை செல்லும் என்றது.

பார்சலில் பேய்

எல்லா பாகங்களும் பார்சலில் வரும். ரிசீவர் மட்டும் அரைகுறையாக வந்தால்? சில துளைகள் போட்டால் முழுசாகிவிடும், வரிசை எண் இருக்காது. இதுதான் 'கோஸ்ட் கன்'. இந்த வியாபாரத்துக்காக 2022-ல் 10 நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டார் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் லெட்டிஷியா ஜேம்ஸ். எளிதில் துப்பாக்கியாக மாற்றக்கூடிய கிட்களுக்கும் வரிசை எண், பின்னணிச் சோதனை வேண்டும் என்று மத்திய அரசு அதே ஆண்டில் விதி போட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அதை ஏற்றது.

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அரசியல் சாசனம் நாடு முழுவதற்கும் தந்த உரிமை, கார் எல்லை தாண்டியதும் எப்படிக் குற்றமாகும் என்று கேட்கிறார்கள்.

இன்னொரு பக்கம், கில்ராய். 2019 ஜூலையில் கலிஃபோர்னியாவின் இந்த ஊரில் நடந்த பூண்டுத் திருவிழாவில் 19 வயது இளைஞன் சுட்டதில் 3 பேர் இறந்தார்கள். அதில் ஒருவன் 6 வயதுச் சிறுவன். அந்த ரைஃபிளை கலிஃபோர்னியாவில் விற்கவே முடியாது. நெவாடாவில் சட்டப்படி கடையில் வாங்கியது அது.

ஒரு மாநிலம் எவ்வளவு கடுமையாகச் சட்டம் போட்டாலும், பக்கத்து மாநிலத்தின் சட்டம் எவ்வளவு தளர்வோ, அவ்வளவுதான் அதன் பலம். மீதியெல்லாம், பார்சலில் முகவரி எழுதுபவரின் மனசாட்சியை நம்பித்தான் இருக்கிறது.