மரத்திற்குத் தண்ணீர் ஏற்றுவது யார்?

உயர்ந்த மரத்தின் உச்சிக்கொழுந்துக்கு வேரிலிருந்து தண்ணீர் எப்படிப் போகின்றது என்று கேட்டால், "அதெல்லாம் ஆண்டவன் செயல்" என்று சொல்லி வாயை மூடிக்கொள்ளுகின்றவர்கள் ஒரு பக்கம். "மரத்திற்கும் உயிர் உண்டல்லவா? அந்த உயிர்தான் ஏற்றுகின்றது" என்பவர்கள் மற்றொரு பக்கம். முன்னவர்களைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்னவர்களைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். ஏனெனில், அவர்கள் தங்கள் கட்சிக்கு ஒரு பெரிய விஞ்ஞானியையே சாட்சிக்கு அழைக்கின்றார்கள்.

அவர்தான் வங்காளத்து ஜகதீச சந்திர போஸ். செடியிலுள்ள உயிருள்ள செல்கள் துடித்துத் துடித்துத் தண்ணீரை மேலே தள்ளுகின்றன என்று 1923-ல் அவர் ஒரு புத்தகமே வெளியிட்டார். மின்காந்த அலைகளைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சி உலகம் மதிக்கத்தக்கது என்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் கேள்வி, சொன்னவர் யார் என்பதல்ல. சொன்னது பரீட்சைக்கு நிற்கின்றதா என்பதேயாகும்.

ஜெர்மனியில் பான் நகரத்துப் பேராசிரியர் ஸ்ட்ராஸ்பர்கர் 1891-லேயே ஒரு சோதனையை வெளியிட்டிருந்தார். 60 அடிக்கு மேற்பட்ட ஓக் மரமொன்றை அடியில் அறுத்து, அறுத்த முனையைப் பிக்ரிக் அமிலம் என்னும் விஷத்தில் நிறுத்தினார். விஷம் ஏறிய வழியிலிருந்த உயிருள்ள செல்களெல்லாம் செத்தன. பிறகு சாயநீரை வைத்தார். அதுவும் மேலே ஏறிற்று! துடிப்பதற்கு உயிரே இல்லாத இடத்தில் தள்ளியது யார் என்று கேட்கின்றோம்.

உண்மை என்னவென்றால், வேர் சில வேளைகளில் சிறிது தள்ளுவதுண்டு; ஆனால் உயர்ந்த மரத்திற்கு அது போதாது. பெரும் வேலையைச் செய்வது இழுப்பேயாகும். வெயிலின் சூட்டால் இலைத்துளைகளின் வழியே தண்ணீர் ஆவியாகின்றது. தண்ணீர்த் துகள்களோ ஒன்றையொன்று பற்றி நிற்கும் குணமுடையவை. ஆகவே மேலே ஒன்று போனால் கீழேயிருப்பது இழுபட்டு வருகின்றது. உயிரற்ற மெல்லிய குழாய்களின் வழியே இந்த இழுப்பு வேர் வரையில் எட்டுகின்றது. உறிஞ்சு பம்பு 33 அடிக்கு மேல் தண்ணீரை ஏற்றாது. கலிபோர்னியாவின் ரெட்வுட் மரத்திலோ சுமார் 380 அடி ஏறுகின்றது. இக்காரணத்தை டப்ளினில் டிக்ஸன், ஜாலி என்னும் இருவர் 1894-ல் எடுத்துக் கூறினர். 1965-ல் ஷோலாண்டர் முதலியோர் அந்த இழுப்பை அளந்தே காட்டினர்.

இவ்வளவுக்குப் பிறகும், "போஸ் நம் நாட்டவராயிற்றே" என்பதில் அர்த்தமென்ன? தேசத்தைப் பார்த்துத் தண்ணீர் ஏறுவதில்லை. செடி வெளிவிடும் நீரைத் தராசில் நிறுத்து 1727-ல் புத்தகம் வெளியிட்ட இங்கிலாந்து தேசத்து ஹேல்ஸ் ஒரு பாதிரியார். பாதிரியார் என்பதற்காக அவர் நிறுத்துக் கண்டதை நாம் தள்ளவில்லை. விஞ்ஞானி என்பதற்காக போஸ் சொன்னதனைத்தையும் ஏற்கவும் மாட்டோம்.

நம்மையும் நம்ப வேண்டாம். காசித்தும்பைத் தண்டுகள் இரண்டை எடுத்து, ஒன்றில் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டையும் சிவப்பு மை கலந்த தண்ணீரில் வைத்துப் பாருங்கள். எதில் சாயம் விரைந்து ஏறுகின்றதோ, அதுவே பதில் சொல்லும்.