முகவரிக் கட்டத்தில் எந்த ஊர்?

மழைக்காலத்தில் கேரளப் பள்ளிகளில் ஒரு தேர்தல் நடக்கும். வேட்புமனு, வாபஸ், சின்னம், ரகசிய வாக்கு, சில இடங்களில் விரலில் மைகூட உண்டு. மடிக்கணினியையே வாக்குப்பதிவு இயந்திரமாக மாற்றிவிடும் பள்ளிகளும் இருக்கின்றன. வகுப்புப் பிரதிநிதிகளைப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்க, அவர்கள் கூடிப் பள்ளி நாடாளுமன்றத்தின் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலமைச்சரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லித்தர முடியாது. நல்ல வழக்கம்தான். ஆனால் தமிழ்நாட்டு எல்லையிலுள்ள கம்பம்மெட்டுப் பக்கத்துப் பிள்ளைக்கு இந்த ஒத்திகை போதாது.

ஏனென்றால், இந்தப் பகுதியில் தேர்தல் என்றாலே வீட்டுத் திண்ணையில் எழுகிற கேள்வி வேறு: நமக்கு ஓட்டு மேலே கேரளத்திலா, கீழே தமிழ்நாட்டிலா? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்கு வந்து, பொழுது சாயக் கீழே இறங்குகிறவர்கள் ஒரு வகை. தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே தங்கிவிட்டு, பூர்வீக வீட்டையும் குலசாமியையும் தேனி மாவட்டத்தில் வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பட்டியலிலும் பெயர் இருக்கிற குடும்பங்கள் உண்டு என்பது இங்கே ரகசியமில்லை. 2021 ஏப்ரல் 6 அன்று தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாளில் வாக்களித்தபோது இரட்டை வாக்கு விவகாரம் கேரள உயர் நீதிமன்றம் வரை போனது. எல்லைச் சாவடிகளில் கண்காணிப்பு இறுகியது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளத்துக்கு ஏப்ரல் 26. ஒரு வாரத்தில் மை அழியுமா என்று கேலியும் கிளம்பியது. அது வெள்ளி நைட்ரேட் கலந்த மைசூர் மை. நகக்கண்ணில் ஏறினால் நகம் வளர்ந்துதான் மை போகும். வேதியியல் ஆசிரியருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

இவ்வளவும் பிள்ளைகள் காதில் விழுகிறது. வகுப்பறையில் மட்டும் யாரும் பேசுவதில்லை. ஆசிரியரின் தயக்கம் புரிகிறது: பெற்றோரைக் குற்றவாளி ஆக்கியதுபோல் ஆகிவிடுமோ, ஏதாவது கட்சிக்காரர் வந்து நிற்பாரோ. ஆனால் சட்டத்தைத் திறந்துவைத்தால் குற்றம் சாட்ட வேண்டியதே இல்லை. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒருவர் ஒரு தொகுதிக்கு மேல் பதிவு பெறக் கூடாது என்கிறது. 20ஆம் பிரிவு இன்னும் சுவையானது: ஓர் ஊரில் வீடு இருக்கிறது என்பதற்காக மட்டுமே ஒருவர் அங்கே வசிப்பவராகிவிட மாட்டார்; அதே சமயம் தற்காலிகமாக வெளியே போனதால் மட்டுமே வசிப்பிடம் போய்விடாது. இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் ஏலக்காட்டுத் தொழிலாளியின் வாழ்க்கை கிடக்கிறது. பன்னிரண்டு மாதமும் லயத்தில் இருப்பவர் எங்கே வசிப்பவர்? தினமும் இறங்குகிறவர்? ஒன்பதாம் வகுப்பில் இதை விவாதிக்கவிட்டால் எந்தப் பாடநூலும் தராத குடிமையியல் கிடைக்கும்.

நம் பாடநூல்கள் உத்திரமேரூரை விடுவதில்லை. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921, குடவோலைத் தேர்தல், பெருமிதம். குடத்திலிருந்து ஓலையை எடுக்க விவரமறியாத ஒரு சிறுவனை நிறுத்தினார்கள் என்பதையும் சொல்கிறோம். போட்டியிட நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை மட்டும் சற்று வேகமாகக் கடந்துவிடுகிறோம். நிலமில்லாத தோட்டத்துப் பிள்ளை அந்த இடத்தில்தான் நின்று கேட்க வேண்டும்.

கேட்க வைத்தவர்கள் இந்த மலையில் இருந்திருக்கிறார்கள். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு தோட்டங்களில் பாடினார். பிரச்சாரம்தான், மறுக்கவில்லை, ஆனாலும் எழுத்தறியாத கூட்டத்துக்கு ஓட்டின் மதிப்பைத் தமிழில் சொன்ன பாடம் அது. அதே தேவிகுளத்தில் 2021இல் வென்ற அ. ராஜா தமிழில் உறுதிமொழி எடுத்தார். 2023 மார்ச்சில் அவர் வெற்றியைக் கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தனித் தொகுதியில் நிற்க அவர் கேரளத்தின் பட்டியல் சாதியைச் சேர்ந்தவரா என்ற அந்த வழக்கில் ஆராயப்பட்டவற்றில் ஒன்று, அவர் குடும்பம் 1950க்கு முன்பே இங்கே குடியேறியதா என்பது. தாத்தா எந்த ஆண்டு மலையேறினார் என்பதற்குத் தாள் காட்ட வேண்டிய நிலை ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கே வந்தது. 2025 நவம்பரில் இரு மாநிலங்களிலும் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தப் படிவங்கள் வீடுதேடி வந்தபோது, பழைய பட்டியலில் பெயர் தேடிய குடும்பங்களுக்கு அந்த வழக்கு தூரத்துச் செய்தியாக இருந்திருக்காது.

ஆகவே நம் யோசனை சிறியது. ஜனவரி 25 வாக்காளர் தினத்தன்று உறுதிமொழி வாசித்துக் கலைவதோடு நிறுத்தாமல், பள்ளி இருக்கிற வாக்குச்சாவடியின் பட்டியலை வகுப்புக்குக் கொண்டுவரலாம்; அது பொது ஆவணம். பள்ளி நாடாளுமன்றத்துக்கும் உண்மையான வேலை ஒன்றைக் கொடுக்கலாம்: கழிப்பறைத் தண்ணீர், பேருந்து நேரம், ஏதாவது. பிளஸ் டூ மாணவர்கள் 17 வயது முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்று 2022 முதல் விதி இருக்கிறது. அந்தப் படிவம் 6ஐ வகுப்பிலேயே விரித்து, முகவரிக் கட்டத்தை நிரப்புமுன், வேறெங்கும் என் பெயர் இல்லை என்று கையெழுத்துக்கு மேலே இருக்கும் வாசகத்தை ஒரு மாணவி சத்தமாகப் படிக்கட்டும். பொய்யாக எழுதினால் ஓராண்டு வரை சிறை என்பதையும் சேர்த்து.