தமிழ்த்தொண்டும் தனி இருக்கையும்: சென்னை லுத்தரன் மிசன் வரலாற்றை மதிப்பிடுதல் பற்றி

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களிலே ஐரோப்பியர் காலம் பற்றிய அதிகாரம் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்திருக்கக் காணலாம். சீகன்பால்கு அச்சு தந்தார். பப்ரிசியஸ் அகராதி தந்தார். கிரௌல் குறளை ஜேர்மன் மொழியிலே தந்தார். 'தந்தார்' என்னும் வினைமுற்று வரலாற்றாராய்ச்சியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எவருடைய பொருள்வலியைக் கொண்டு தந்தனர், எத்தகைய சமூக உடன்பாட்டின் மீது நின்று தந்தனர், அவ்வுடன்பாட்டுக்கு விலை கொடுத்தோர் யாவர் என்னும் வினாக்கள் எழுவதேயில்லை. 'தமிழ்த்தொண்டர்' என்னும் பட்டம் சூட்டப்பட்டதும் விசாரணை முடிந்துவிடுகிறது. மாணவர் அப்பட்டத்தை மனனஞ் செய்கின்றனர். பரீட்சைத் தாள் அதனை ஏற்றுக்கொள்கிறது.

இவ்வாய்பாட்டுக்கு எதிராக எழுந்த மற்றொரு வாய்பாடும் உண்டு. மிசனரிமார் யாவரும் ஏகாதிபத்தியத்தின் முகவர்கள் என்பது அது. முதலாவது வாய்பாட்டிலும் பார்க்க இது விமரிசனப் பாங்கானது போலத் தோன்றினும், அடிப்படையில் இரண்டும் ஒரே தவறைச் செய்கின்றன. இரண்டிலும் ஐரோப்பியர் மட்டுமே செயலாற்றுகின்றனர். சபையிலே தரையிலும் வாங்கிலும் வெவ்வேறாக அமர்ந்திருந்த தமிழர் எவரும் தென்படுவதில்லை. இவ்விரு வாய்பாடுகளும் எங்கே பொய்த்துப்போகின்றன என்பதைக் காட்டுதற்குச் சென்னை நகரத்து லுத்தரன் மிசனின் வரலாறு தக்கதோர் உரைகல்லாகும்.

டென்மார்க் மன்னன் நான்காம் பிரெடரிக்கின் ஆதரவிலே சீகன்பால்குவும் புளூச்சோவும் 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அங்கிருந்து பெஞ்சமின் சுல்ட்சே 1726இல் சென்னைக்குச் சென்றார். 1728 முதல் அம்முயற்சி இலண்டனிலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் வந்தது. இவ்வமைப்பின் இயல்பு கூர்ந்து நோக்கத்தக்கது. ஊழியர் ஜேர்மனியர், அவர்கள் பயின்ற பக்தி மரபு ஹாலே நகரத்தது, பணமோ ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த கழகத்தினது, இருப்பிடம் கிழக்கிந்தியக் கம்பனியின் வாணிப நகரம். ஆகவே சென்னையில் லுத்தரன் மிசன் தோன்றிய நாள் முதலாகத் தன் காலில் நின்ற இயக்கம் அன்று. தாங்குவோரின் விருப்பத்துக்கு இசைந்து வாழ்தல் அதன் பிறப்பியல்பாயிற்று.

அடுத்த முப்பத்தைந்து ஆண்டு வரலாறு இதனைத் தெளிவுறுத்துகிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, கறுப்பர் நகரத்திலிருந்த மிசனின் கட்டடங்கள் அழிந்தன. அப்போது பொறுப்பிலிருந்த பப்ரிசியஸ் ஒல்லாந்தர் வசமிருந்த பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். 1749இல் நகரம் ஆங்கிலேயரிடம் மீண்டது. கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரருக்கு உடந்தையாயிருந்தனர் என்று ஐயுற்ற கம்பனி அவர்களுடைய ஆலயங்களைப் பறித்தது. ஆர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான் வேப்பேரியிற் கட்டுவித்த ஆலயம் இவ்வாறே லுத்தரன் மிசனின் கைக்கு வந்தது. 1761இல் ஆங்கிலப் படை புதுச்சேரியை வீழ்த்தியது. அங்கு கைப்பற்றப்பட்ட அச்சியந்திரம் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, கம்பனியின் அச்சுவேலையைச் செய்துகொடுத்தல் வேண்டும் என்னும் உடன்பாட்டின்பேரில் பப்ரிசியசிடம் ஒப்படைக்கப்பட்டது. புகழ்பெற்ற வேப்பேரி அச்சகத்தின் மூலவரலாறு இதுவாகும். தமிழ் நூல் வரலாற்றிலே பெருமையுடன் குறிக்கப்படும் அவ்வச்சகம் போரிற் கிடைத்த கொள்ளைப்பொருள்.

அவ்வச்சகத்திலிருந்தே பப்ரிசியசும் பிரைத்தௌப்டும் தொகுத்த தமிழ் - ஆங்கில அகராதி 1779இல் வெளிவந்தது. ஆங்கில - தமிழ்ப் பகுதி 1786இல் தொடர்ந்தது. அகராதியின் முகப்பு 'மலபார்' என்னும் பெயரால் தமிழைச் சுட்டுகிறது. ஜேர்மனியரான தொகுப்பாளரைச் சென்னையிலுள்ள ஆங்கில மிசனரிமார் என்கிறது. தொகுத்தோரின் பெயர்களே இவ்வாறு மறைந்துபோன ஏட்டில், சொற்களை விளக்கிக் கொடுத்த தமிழாசிரியரின் பெயரைத் தேடுவது வீண்முயற்சி. 'தந்தார்' என்னும் வினைமுற்று மறைப்பது இதனைத்தான்.

இவ்வாறு கூறுவதனால் பப்ரிசியசின் உழைப்பு மறுக்கப்படுகிறது என்று கொள்ளுதல் தவறு. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஒரே நகரத்திலிருந்து விவிலியத்தைத் தமிழாக்கியவர் அவர். பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கடன் கொடுத்து, அது திரும்பாமையினாற் கடன்காரர் சிறையில் வாடி, 1791இல் அவர் இறந்தார். அவர் நல்லவரா என்பது ஈண்டு வினாவன்று. தனிமனிதரின் தூய்மையை அளவுகோலாகக் கொண்டு ஒரு நிறுவனத்தின் வரலாற்றை எழுதுதல் ஆகாது என்பதே கருத்து. நிறுவனத்தை அறிய வேண்டுமாயின், அது அச்சிட்ட ஏடுகளைப் பார்த்தல் மட்டும் போதாது. அது மக்களை எவ்வாறு அமர்த்திற்று என்பதையும் பார்த்தல் வேண்டும்.

லுத்தரன் சபைகளில் வேளாளரும் பிற உயர்சாதியினரும் ஒரு புறமும், பறையர் எனப்பட்ட ஒடுக்கப்பட்டோர் மறுபுறமுமாக அமர்தல் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வழக்கமாகிவிட்டது. திருவிருந்திற் கிண்ணம் முதலில் ஒருசாராருக்கும் பின்னர் மறுசாராருக்குமாகச் சென்றது. குருத்துவமும் இவ்வொழுங்குக்கு விலக்கன்று. 1733இல் தரங்கம்பாடியிலே முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்ற தமிழர் ஆரோன் வேளாளர். தஞ்சைப் பகுதியிலே சபைகளை வளர்த்த இராசநாயக்கன், பிறப்பினாற் பறையர். அவருடைய ஆற்றலை ஐரோப்பியக் குருமாரே நன்கறிந்திருந்தும் அவருக்குக் குருப்பட்டம் வழங்கப்படவில்லை. அவர் கையிலிருந்து உயர்சாதியினர் திருவிருந்தைப் பெறமாட்டார் என்பதே தயக்கத்துக்குக் காரணம். விசுவாசிகள் அனைவரும் குருத்துவம் உடையவர் என்று 1520இல் எழுதியவர் லூதர். அவருடைய பெயரைத் தாங்கிய சபை, தமிழ் மண்ணில் அக்கோட்பாட்டைச் சாதியின் வாயிற்படியிலே கழற்றிவைத்தது.

இவ்வழக்கத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேரடியான சோதனை வந்தது. 1820களில் வேப்பேரி முதலிய சபைகள் ஆங்கிலத் திருச்சபையின் வேறொரு கழகத்துக்குக் கைமாறின. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டானியல் வில்சன், சபைக்குள் நிலவும் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றாகவும் ஒழிதல் வேண்டும் எனக் கட்டளை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் உயர்சாதிக் கிறித்தவர் பெருந்தொகையாக ஆலயத்தை விட்டு வெளியேறினர். அவர்களின் மனநிலையை அறியத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் எழுத்துக்கள் உதவுகின்றன. சாதியைத் திருத்த முயல்வோரைக் கண்டித்து 1829இலேயே அவர் எழுதியிருந்தார். கீர்த்தனைகளாற் போற்றப்படும் அப்புலவரின் இப்பக்கத்தை இலக்கிய வரலாற்றாசிரியர் எளிதிற் கடந்து செல்வர்.

வெளியேறியோர் எங்குச் சென்றனர் என்பதே இக்கட்டுரைப் பொருளின் மையமாகும். 1836இல் திரெஸ்டனில் தோன்றி 1848இல் லைப்சிக் நகருக்கு மாறிய ஜேர்மன் லுத்தரன் மிசன், அக்காலத்திலே தரங்கம்பாடிப் பணியைத் தன்பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தது. ஆங்கிலச் சபையிலிருந்து பிரிந்த சாதிக் கிறித்தவர் பலரை அது ஏற்றுக்கொண்டது. சென்னையிலும் இத்தகையோரை அடிப்படையாகக் கொண்டே புதிய லுத்தரன் சபை உருவாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் வேப்பேரி மிசனுக்கும் லைப்சிக் மிசனுக்கும் இடையே நிறுவனத் தொடர்ச்சி இல்லை. ஆயினும் தொடர்ச்சியொன்று உண்டு. அது இருக்கை ஒழுங்கின் தொடர்ச்சி.

லைப்சிக் மிசனின் நெறியாளரான கார்ல் கிரௌல் இந்நிலைப்பாட்டுக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர். 1849க்கும் 1853க்கும் இடையே இந்தியாவிற் பயணஞ் செய்தவர். 1856இல் திருக்குறளை ஜேர்மன் மொழியில் வெளியிட்டவர். அவருடைய வாதத்தை அதன் வலிமையான வடிவிலேயே எடுத்துரைத்தல் நேர்மையாகும். சாதி, சமயக் கூறுகளை உடையதாயினும், பெரிதும் ஒரு குடியியல் அமைப்பு. அதனைக் கட்டளையினால் ஒழித்தல் சுவிசேஷத்தைச் சட்டமாக்குவதாகும். அக மாற்றம் காலப்போக்கிற் புற வழக்கத்தையும் மாற்றும். ஐரோப்பிய நாகரிகத்தைக் கிறித்தவத்தின் பெயரால் தமிழர்மேற் சுமத்துதல் ஆகாது. இறுதிக் கூற்றிலே உண்மையுண்டு. தமிழ்ப் பண்பாட்டை மதித்த ஜேர்மனியர் எனக் கிரௌலைப் போற்றுவோர் இதனையே ஆதாரமாகக் காட்டுவர்.

ஆயின் மதிக்கப்பட்டது எவருடைய பண்பாடு? சேரியிலிருந்து வந்தவன் பின்னிருக்கையைத் தன் பண்பாடு என்று கருதினான் என்பதற்கு யாது சான்று? 'தமிழர் வழக்கம்' என்னும் தொடரால் உயர்சாதியினரின் வழக்கத்தைக் குறித்து, அதனைப் பாதுகாத்ததைத் தமிழரை மதித்தது என்று கூறுதல் சொல்லாட்சியின் தந்திரமேயன்றி ஆராய்ச்சி அன்று. காலம் கனியட்டும் என்னும் அறிவுரையும் இத்தகையதே. காத்திருக்குமாறு பணிக்கப்பட்டவர்கள் எப்போதும் ஒடுக்கப்பட்டோரே. முன்வரிசையில் அமர்ந்தோர் காத்திருப்பதனால் இழந்தது எதுவுமில்லை. பிறப்பினால் ஏற்றத்தாழ்வு இல்லை என்று கூறும் நூலை ஐரோப்பாவுக்கு எடுத்துச்சென்ற கையே, பிறப்பினால் வகுத்த இருக்கைக்கும் நியாயம் எழுதியது. இம்முரண்பாட்டைக் கிரௌலின் தனிப்பட்ட பிழையாகக் கொள்ளலாகாது. நூலை நேசித்தலும் மக்களைச் சமமாக நடத்தலும் இருவேறு செயல்கள் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அக்காலத்தில் வேறு வழி இருக்கவில்லை என்னும் சமாதானமும் நிலைக்காது. 1850இல் சென்னை மிசனரி மாநாடு சாதியைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டபோது, பிற புரட்டஸ்தாந்து மிசன்கள் ஒருபுறம் நிற்க, லைப்சிக் மிசனே விலகி நின்றது. அம்மிசனுக்குள்ளேயே கார்ல் ஓக்ஸ் சாதி பற்றிய கொள்கையை ஏற்காது பிரிந்து, பட்டாம்பாக்கத்திலே தனியே பணி தொடங்கினார்; அது பின்னர் டேனிஷ் மிசனுடன் இணைந்தது. எனவே மாற்றுக் கருத்து அன்றே வாயிலிற் கேட்டது; ஏற்கப்படவில்லை என்பதே உண்மை.

இங்குதான் இரண்டாவது வாய்பாடும் இடர்ப்படுகிறது. வில்சனின் குரல் ஆட்சியாளரின் திருச்சபையிலிருந்து வந்தது. கட்டளையின் தொனியில் வந்தது. கிரௌலோ குடியேற்ற ஆட்சியின் ஊழியரல்லர். ஏகாதிபத்தியம் என்னும் ஒரே அளவுகோலைக் கொண்டு அளப்போர், வில்சனைக் கண்டித்துக் கிரௌலைப் பாராட்டுதல் வேண்டும். அவ்வாறாயின், திருவிருந்துக் கிண்ணத்துக்காக இறுதிவரை காத்திருந்தவனின் பக்கத்தில் நிற்பவர் யார்? அந்நிய ஆதிக்கத்தை எதிர்ப்பதாகக் கூறி உள்ளூர் ஆதிக்கத்துக்கு நிழல் கொடுக்கும் விமரிசனம் முற்போக்கானது ஆகாது. அந்நியன் ஆணையிட்டான் என்பதனாற் சமத்துவக் கோரிக்கை அந்நியமானதாகிவிடாது. அக்கோரிக்கையின் உரியவர்கள் வில்சனுக்கு முன்னரே சபையின் பின்வரிசையில் இருந்தவர்கள்.

லுத்தரன் சபை எதனைக் காத்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையுடன் ஆக்கிய விவிலியம் 1850இல் வெளிவந்தது. பவர் ஐயர் முதலியோரின் திருத்திய பதிப்பு 1871இல் முழுமையுற்றது. ஏனைய சபைகள் பல திருத்திய பதிப்பை ஏற்றபின்னரும், லுத்தரன் சபை பப்ரிசியசின் மொழிபெயர்ப்பையே நெடுங்காலம் பற்றி நின்றது. வேதத்தின் ஒரு சொல் மாறுவதற்கு மனச்சான்று இடங்கொடாத சபை, அவ்வேதம் வாசிக்கப்பட்ட ஆலயத்தின் இருக்கை ஒழுங்கிலே மனச்சான்றின் விடயம் எதனையும் காணவில்லை. சொல்லின் தூய்மைக்குக் காவல் இருந்தது. சொல் எவரை நோக்கிக் கூறப்பட்டதோ அவருக்குக் காவல் இருக்கவில்லை.

முதலாம் உலகப் போரின்போது ஜேர்மன் ஊழியர் வெளியேற்றப்பட்டு, சுவீடன் நாட்டுத் திருச்சபையினர் பொறுப்பேற்றனர். 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. நிருவாகம் ஐரோப்பியரிடமிருந்து படிப்படியாகத் தமிழர் கைக்கு மாறியது; 1956இல் ராஜா பூஷணம் மாணிக்கம் முதல் இந்திய அத்தியட்சரானார். ஆயினும், அதிகாரம் தமிழரிடம் வருதலும், தமிழருள் எல்லாரிடமும் வருதலும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றெனக் கருதும் மயக்கம் திருச்சபைக்கு மட்டும் உரியதன்று. தேசியம் பேசும் எல்லா இயக்கங்களுக்கும் உரியது. தமிழ் மொழியின் பெயரால் அனைவரையும் ஒருங்கே அழைத்து, அமரும் இடத்தைப் பழைய ஒழுங்குப்படியே காட்டும் வழக்கத்தைத் தமிழ்ச் சமூகம் லைப்சிக்கிடமிருந்து கற்கவில்லை. லைப்சிக் அதனைத் தமிழ்ச் சமூகத்தின் மேற்படியிலிருந்தோரிடம் கற்றது.

ஆதலினால் அகராதியை மறக்க வேண்டியதில்லை. அச்சகத்தையும் மறக்க வேண்டியதில்லை. அவற்றின் பக்கத்திலே இருக்கை ஒழுங்கும் எழுதப்படுதல் வேண்டும். ஒரே அதிகாரத்தில், ஒரே பந்தியில், ஒரே பெயர்களின்கீழ் எழுதப்படுதல் வேண்டும். பப்ரிசியசின் பெயரை அறிந்த மாணவன் இராசநாயக்கனின் பெயரை அறியாதிருப்பானாயின், அவன் கற்றது தமிழ் வரலாறு அன்று. அதன் முன்வரிசையை மட்டுமே அவன் கண்டிருக்கிறான்.