நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு ரெண்டு டயர் கணக்கு ஆகாது

பதிவு கொஞ்சம் நீளம். கார் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆல் வீல் டிரைவ் கார் வைத்திருப்பவர்கள் தாண்டக் கூடாது.

"ஒண்ணும் ஆகாது சார்." டயர் கடையில் அதிகம் கேட்கிற வாக்கியம் இதுதான். முன்னாடி ரெண்டு தேய்ந்துவிட்டதா, அதை மட்டும் மாற்று, ஒண்ணும் ஆகாது. பின்னாடி ஒரு சைஸ் பெரிசாகப் போட்டால் வண்டி கம்பீரமாக நிற்கும், ஒண்ணும் ஆகாது. போன வாரம் என் அக்கா மகன் அப்படியே செய்துவிட்டு, குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டோவும் போட்டார். இருபத்திரண்டு பேர் கட்டை விரலைத் தூக்கினார்கள். அதில் ஏழு பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். எனக்கு வயிற்றெரிச்சல் அதுதான்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் கடைக்கு வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை முன் சக்கரத்தால் மட்டுமோ, பின் சக்கரத்தால் மட்டுமோ ஓடுபவை. அவற்றில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே எந்த இணைப்பும் கிடையாது. ஒரே அச்சில் இரண்டும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். ஆனால் மாப்பிள்ளை வண்டியில் முன்னிருந்து பின்னுக்கு ஒரு நீண்ட ஷாஃப்ட் போகிறது. வழியில் எண்ணெயில் ஊறிய கிளட்ச் பிளேட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. அந்த வண்டிக்கும் இதே பதிலா?

கணக்கைப் பார்ப்போம். டயரின் பக்கவாட்டில் 225/55 ஆர் 18 என்று இருக்கும். அகலம் 225 மி.மீ. பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம். ரிம் 18 அங்குலம், அதாவது 457 மி.மீ. மேலும் கீழும் சுவரைக் கூட்டினால் மொத்த விட்டம் சுமார் 705 மி.மீ. சுற்றளவு 2,214 மி.மீ. ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 452 சுற்று. மாப்பிள்ளை பின்னால் போட்டது 225/60 ஆர் 18. விட்டம் 727. கிலோமீட்டருக்கு 438 சுற்று. வித்தியாசம் 14.

14 தானே என்பீர்கள். கோவையிலிருந்து சென்னைக்குச் சுமார் 500 கிலோமீட்டர். 7,000 சுற்று. நேர் ரோட்டில், வளைவே இல்லாத இடத்திலும், முன்னுக்கும் பின்னுக்கும் 7,000 சுற்றுத் தகராறு. இதை யார் தீர்த்து வைப்பது? அந்த கிளட்ச் பிளேட்டுகள்தான். முன் சக்கரம் வேகமாகச் சுற்றுவதை, அது வழுக்குகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டர் நினைக்கலாம். உடனே பிளேட்டுகளை இறுக்கிப் பின் சக்கரத்துக்கும் இழுவையை அனுப்பும். வழுக்கலே இல்லை என்று அதற்கு யார் சொல்வது? எண்ணெய் சூடாகும், கெடும், பிளேட் தேயும். வளைவில் திரும்பும்போதும் இந்த உரசல் உண்டு. அது சில நொடிதான், அதற்காகத்தான் அந்தப் பிளேட்டுகளைச் செய்திருக்கிறார்கள். பயணம் முழுக்க உரசுவதற்கு அல்ல. சேற்றிலோ பனியிலோ டயர் கொஞ்சம் சறுக்கி அழுத்தத்தை விட்டுவிடும். காய்ந்த தார் ரோடு விடாது.

(மஹிந்திரா தார் மாதிரி லிவர் போட்டு மாற்றுகிற வண்டி வேறு ஜாதி. இரண்டு சக்கர ஓட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஃபோர் ஹெச் போட்டால் நடுவில் டிஃபரன்ஷியலே கிடையாது, முன்னும் பின்னும் பூட்டிக்கொள்ளும். தார் வண்டியைத் தார் ரோட்டில் ஃபோர் ஹெச்சில் ஓட்டாதீர்கள்; டயரும் வெவ்வேறாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.)

சைஸ் ஒன்றுதான், இரண்டு மட்டும் புதுசு என்றால்? அதுவும் கணக்குதான். புது டயரின் பட்டன் 8 மி.மீ., பழசில் மீதி 3 மி.மீ. என்று வையுங்கள். விட்டத்தில் 10 மி.மீ. குறைவு. சுற்றளவில் 31 மி.மீ. கனடாவிலும் அமெரிக்காவிலும் சுபாரு ஓட்டுகிற பிள்ளைகளே, உங்கள் கம்பெனி நான்கு டயருக்கும் இடையே அனுமதிக்கிற சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலம். 6 மி.மீ. சொச்சம். பட்டன் ஆழத்தில் அது வெறும் 1 மி.மீ. எல்லாக் கம்பெனிக்கும் அளவு இதுவே அல்ல, உங்கள் வண்டிப் புத்தகத்தைப் பாருங்கள். ஆனால் ஒண்ணும் ஆகாது என்று எந்தப் புத்தகமும் சொல்லாது.

இனி, குழுவில் ஒரு பொறியாளர் தம்பி வீசிய பிரம்மாஸ்திரம்: "சார், பிஎம்டபிள்யூ எக்ஸ்5-லயே கம்பெனிக்காரன் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு போடுறான்." போடுகிறான் தம்பி. 21 அங்குல ஜோடி ஒன்றில் முன்னால் 275/40, பின்னால் 315/35. பெருக்கிப் பார்த்தாயா? 275-இல் 40 சதவீதம் 110. 315-இல் 35 சதவீதம் 110.25. அகலத்தில் 40 மி.மீ. வித்தியாசம் வைத்தவன், மொத்த உயரத்தில் அரை மி.மீ.க்கு மேல் விடவில்லை. நீ காட்டிய சாட்சி என் பக்கம் பேசுகிறது. பொறியியல் பட்டம் வாங்கியவன் சதவீதக் கணக்குப் போடாமல் வாதத்துக்கு வருவது அழகா?

நான்கையும் ஒன்றாக மாற்றினால் செலவு ஆகும், தெரியும். செலவைக் குறைக்க வழி உண்டு. பத்தாயிரம் கிலோமீட்டருக்குள் ஒரு முறை முன்பின் மாற்றிப் போடுங்கள், நான்கும் ஒன்றாகத் தேயும். ஒரு டயர் கிழிந்துவிட்டால் அதே கம்பெனி, அதே மாடலில், உங்கள் டயர் அளவுக்குத் தேய்ந்ததைத் தேடுங்கள். அமெரிக்காவில் புது டயரைச் சீவி அளவு சேர்த்துத் தருகிறார்கள். ஸ்டெப்னி சின்னதாக இருந்தால் பக்கத்துக் கடை வரைக்கும் மெதுவாக, அவ்வளவே. இறுக்கமான திருப்பத்தில் வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்த மாதிரி தயங்கினால் முதலில் டயரை அளந்து பாருங்கள். தையற்காரரின் இஞ்ச் டேப் போதும், நான்கிலும் காற்று சரியாக இருக்கட்டும்.

சந்தேகம் உள்ளவர்கள் டயர் பக்கவாட்டு எண்ணையும், நான்கு டயரின் சுற்றளவையும் எழுதி அனுப்புங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், காது கேட்பதில்லை.